வயலின் நகர்ந்தது எங்கே?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 30ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்றை, சட்டம் பயிலாத நாமும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம். பேச்சுரிமை பற்றிய முக்கியமான தீர்ப்புகளுள் ஒன்றாக அது இன்றும் சட்டக் கல்லூரிகளில் கற்பிக்கப்படுகிறது. ஆனால் வழக்கின் மூலமோ அரசியலன்று. ஒரு வீட்டு அறை. அவ்வறையில் இரண்டு ஒலிபெருக்கிகள். அவற்றிலிருந்து எழுந்த வயலின் ஓசை அறையெங்கும் அலைந்ததா, சுவரையொட்டி மட்டும் நகர்ந்ததா? இந்த ஐயம் பதின்மூன்றாண்டுகளுக்கு மேல் மூன்று நீதிமன்றங்களை நடத்திச் சென்றது. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட், அலையும் வாத்தியங்களைப் பற்றிய இவ்வழக்கு அரசியல் சட்ட நூலைவிட ஷெர்லக் ஹோம்ஸ் கதைத் தொகுதிக்கே பொருந்தும் என்று கிண்டலாகக் குறிப்பிட்டார்.

வழக்கைப் புரிந்துகொள்ள, ஒலிபெருக்கி என்னும் பெட்டிக்கும் அது வைக்கப்படும் அறைக்கும் இடையே நிகழ்வது என்ன என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். வியப்பு என்னவென்றால், அந்தக் கதையின் பெரும்பகுதி ஒரே ஊர்ப்புறத்தில் நடந்தது. பாஸ்டன் நகரும், சார்ல்ஸ் நதிக்கு மறுகரையிலுள்ள கேம்பிரிட்ஜும்தான் அவ்விடம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். ஒலிபெருக்கி என்று நாம் சொல்லும் கருவி ஒலியைப் பெருக்குவதில்லை. பெருக்கும் வேலையை ஆம்ப்ளிஃபையர் செய்து முடித்துவிடுகிறது. ஒலிபெருக்கி மின்சாரத்தைக் காற்றசைவாக மாற்றித் தருவதோடு சரி. அதிலும் தனக்கு வரும் மின்திறனில் நூற்றில் ஒரு பங்கையோ சற்று அதிகமாகவோதான் ஒலியாக்கும். எஞ்சியது வெப்பமாகிப் போகும். பெயர் பொருந்தாவிட்டாலும் நிலைத்துவிட்டது. நானும் அதையே ஆள்கிறேன்.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் வாலஸ் சபைன் என்ற இருபத்தேழு வயது இயற்பியல் ஆசிரியரிடம் ஒரு தொல்லையை ஒப்படைத்தது. புதிதாகக் கட்டிய ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசுவது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல்லின் முழக்கம் ஐந்தரை விநாடி வரை அடங்காமல் நின்று அடுத்த சொற்களின் மேல் படிந்தது. சபைன் இரவுகளில், ஊர் அடங்கிய பின், ஓர் ஆர்கன் குழாயும் நிறுத்து கடிகாரமும் தம் செவியும் மட்டுமே துணையாகச் சோதனைகள் செய்தார். அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து மண்டபத்தில் பரப்பி, எத்தனை மெத்தைக்கு முழக்கம் எவ்வளவு குறைகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் அரங்கத்துக்குத் திரும்பிவிட வேண்டும். அறையின் கன அளவு, அதன் பரப்புகள் ஒலியை உறிஞ்சும் திறன், முழக்கம் அடங்க எடுக்கும் நேரம் ஆகியவற்றை இணைக்கும் சூத்திரம் 1898இல் அவருக்குப் பிடிபட்டது. அதைக்கொண்டு வடிவமைக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கம் 1900 அக்டோபரில் திறக்கப்பட்டது. உலகின் தலைசிறந்த இசையரங்குகளுள் ஒன்றென இன்றும் அது போற்றப்படுகிறது.

சபைன் நமக்குச் சொன்ன செய்தி எளியது. நாம் கேட்பது கருவியை மட்டுமன்று, கருவியையும் அறையையும் சேர்த்துத்தான். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி விநாடி போதும். ஆகவே வீட்டுக் கூடத்தில் ஒரு ஒலிபெருக்கியின் முன் அமர்ந்திருப்பவரை நேரொலி வந்தடைந்த சில மில்லி விநாடிகளுக்குள் தரை, கூரை, பக்கச்சுவர், பின்சுவர் எல்லாம் தத்தம் பங்கை அனுப்பிவிடுகின்றன. செவியும் மூளையும் அவற்றைத் தனித்தனி எதிரொலிகளாகக் கேட்பதில்லை. முதலில் வந்த ஒலி எத்திசையிலிருந்து வந்ததோ அத்திசையையே ஒலியின் இருப்பிடமாகக் கொண்டு, பின்வருவனவற்றை அதனுடன் கரைத்துக்கொள்கின்றன. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் ஹெல்முட் ஹாஸ் 1949இல் இதை விரிவாக ஆராய்ந்தார். 5 முதல் 30 மில்லி விநாடி வரை பிந்திவரும் ஒலி, முதலொலியைவிடப் பத்து டெசிபல் அளவுக்கு ஓங்கியிருந்தாலும், நாம் முதலொலியின் பக்கமே திரும்புகிறோம் என்பது அவர் கண்டது. இந்த எண்ணை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும், பின்னர் தேவைப்படும்.

இனிப் பெட்டிக்கு வருவோம். இன்று நம் வீடுகளில் இருக்கும் ஒலிபெருக்கிகளில் மிகப் பெரும்பாலானவை, ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் இருவரும் 1925இல் வெளியிட்ட கட்டுரையின் வழித்தோன்றல்களே. காந்தப் புலத்தில் ஒரு கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. இந்த அமைப்பில் இரண்டு இயல்பான சிக்கல்கள் உண்டு. கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னலையும் பின்னலையும் தாழ்ந்த சுரங்களில் ஒன்றையொன்று அழித்துவிடும். எனவே கூம்பைப் பெட்டியில் அடைக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, அலைநீளம். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், 10,000 ஹெர்ட்ஸில் அது 3.4 சென்டிமீட்டர். அலைநீளத்தைவிடச் சிறிய கூம்பு ஒலியை எல்லாத் திசைகளிலும் பரப்பும்; பெரிய கூம்பு கைவிளக்கின் ஒளிபோல் நேரே பாய்ச்சும். ஒரே கூம்பு கீழ்ச் சுரத்தில் விளக்கொளியாய்ப் பரவி, மேல் சுரத்தில் கற்றையாய்க் குவிந்தால், சுவர்களுக்குச் சென்று திரும்பும் ஒலியில் கீழ்ச் சுரம் மிகுந்தும் மேல் சுரம் குறைந்தும் இருக்கும். பெட்டியின் முன்னால் ஒரு வண்ணம், அறையில் வேறொரு வண்ணம். ஒலிபெருக்கி வடிவமைப்பின் நூறாண்டுச் சண்டைகளில் பாதி இந்த இரண்டாம் சிக்கலிலிருந்து பிறந்தவை.

அறையை என்ன செய்வது என்ற கேள்விக்கு வடிவமைப்பாளர்கள் தந்த விடைகள் பலவகை. அர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் பால் கிளிப்ஷ், அறையின் மூலையையே கருவியாக்கினார். 1946 முதல் அவர் விற்ற பெரும் மூலைக்கொம்பில், மடிந்து மடிந்து வரும் மரக்கொம்பின் கடைசி விரிவை இரு சுவர்களும் தரையும் நிறைவு செய்கின்றன. சில வாட் மின்திறனில் கூடம் அதிரும். நல்ல மூலை இல்லாத வீட்டில் அதற்கு இடமில்லை. இங்கிலாந்தின் பீட்டர் வாக்கர் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குவாட் மின்னிலை ஒலிபெருக்கியில் கூம்புமில்லை, பெட்டியுமில்லை. மெல்லிய படலம் ஒன்று முன்னும் பின்னும் ஒலிக்கும், பக்கவாட்டில் ஏறக்குறைய மௌனம் காக்கும். பக்கச்சுவர்கள் உரையாடலில் கலந்துகொள்ளாதிருக்க அது ஒரு வழி.

ஆயினும் இந்தக் கதைக்கு நமக்கு வேண்டியவர் எட்கர் வில்ச்சர். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மாலை வகுப்பில் ஒலி மீட்பு பற்றிப் பாடம் நடத்தியவர், உட்ஸ்டாக் கிராமத்தில் வசித்தவர். அக்காலத்தில் நல்ல தாழ்சுரம் வேண்டுமென்றால் ஐஸ்பெட்டி அளவுக்குப் பெரிய பெட்டி வேண்டும். கூம்பின் ஓரத்தைப் பிடித்திருக்கும் விளிம்பும் வில்லும் சீராக இழுபடுவதில்லை, அவைதாம் ஒலியைத் திரிக்கின்றன என்று வில்ச்சர் கருதினார். வில்லைத் தளர்த்திவிட்டு, சிறிய பெட்டியை இறுக மூடி, உள்ளே அடைபட்ட காற்றையே வில்லாக்கினால் என்ன? காற்று சீரான வில். முதல் மாதிரிக்கான மெல்லிய விளிம்பை அவர் மனைவி ரோஸ்மேரி மெத்தை உறைத் துணியில் வெட்டித் தைத்துக் கொடுத்தார். (சபைனுக்கும் மெத்தை, வில்ச்சருக்கும் மெத்தை. ஒலியியலுக்கும் பஞ்சுக்கும் ஏதோ பூர்வஜென்மத் தொடர்பு இருக்கிறது.)

வில்ச்சரும் அவர் மாணவர் ஹென்றி கிளாஸும் 1954இல் கேம்பிரிட்ஜில் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கினர். அவ்வாண்டு நியூயார்க் ஒலிக் கண்காட்சியில் புத்தக அலமாரியில் வைக்கத்தக்க ஒரு பெட்டி, அலமாரியைவிடப் பெரிய பெட்டிகளை நாணச் செய்தது. விலை என்னவென்றால் திறமை: அதே சத்தத்துக்குப் பன்மடங்கு ஆம்ப்ளிஃபையர் வலிமை தேவைப்பட்டது. தாழ்சுரம், சிறிய பெட்டி, சிக்கனம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்ற இந்த நியதிக்கு ஹாஃப்மனின் இரும்பு விதி என்று பெயர். அந்த ஆண்டன் ஹாஃப்மன், கிளாஸுடன் 1957இல் கே.எல்.எச். நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர். புகழ்பெற்ற பியானோ மேதை யோசப் ஹாஃப்மனின் மகன்.

வில்ச்சரின் கொள்கை, ஒலிபெருக்கி இசைக்கருவியன்று என்பது. இசைக்கருவி ஒலியைப் படைக்கிறது. ஒலிபெருக்கி படைக்கப்பட்டதைத் திருப்பித் தருகிறது. அதற்குச் சொந்தக் குரல் கூடாது. இதை மெய்ப்பிக்க அவர் நடத்திய மேடைச் சோதனைகள் சுவையானவை. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்டெட் என்னும் தந்திவாத்தியக் குழு மேடையில் வாசித்துக்கொண்டே வரும், ஏதோ ஓரிடத்தில் வில்லை மட்டும் அசைத்து வாசிப்பதுபோல் நடிக்கும், ஒலிபெருக்கிகள் தொடரும். மாறிய கணத்தை அவையோரால் கண்டுபிடிக்க முடியவில்லை என்பார்கள். நம் நோக்கில் இதில் முக்கியமானது, பதிவு திறந்தவெளியில் செய்யப்பட்டது என்பதே. மண்டபத்தில் பதிந்து மண்டபத்தில் ஒலிபரப்பினால் இரண்டு மண்டபங்களின் முழக்கம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். வாத்தியத்துக்கு ஓர் அறையே போதும் என்பதில் வில்ச்சர் தெளிவாக இருந்தார்.

(எடிசன் நிறுவனம் 1915 முதல் பத்தாண்டுக் காலம் இதேபோன்ற சோதனைகளை ஊர் ஊராக நடத்தியது. பாடகி அன்னா கேஸ் மேடையில் எடிசனின் இசைத்தட்டோடு சேர்ந்து பாடுவார். விளக்கணைந்ததும் பாடுவது அவரா தட்டா என்று தெரியாமல் கூட்டம் வியக்கும். எந்திரத்தின் குரலுக்குத் தம் குரலைப் பொருத்திக்கொண்டதாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார். மூலத்தைப் பிரதி போலாக்கினாலும் வேறுபாடு மறையும்!)

நதியின் அதே கரையில், எம்.ஐ.டி.யில், இதற்கு நேர்மாறான எண்ணம் ஒருவருக்கு முளைத்தது. அமர் கோபால் போஸின் தந்தை நோனி கோபால் போஸ் வங்காள விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை கண்டு, பின் அமெரிக்கா சென்று குடியேறியவர். மகன் ஃபிலடெல்ஃபியாவில் வளர்ந்தார். சிறுவயதில் வயலின் கற்றார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீட்டு நிலவறையில் வானொலிகளைப் பழுதுபார்த்துக் குடும்பத்துக்கு உதவினார். 1956இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் முடியும் தறுவாயில் தமக்கென ஓர் உயர்தர இசைக்கருவித் தொகுதி வாங்கினார். விவரத்தாளில் எல்லா எண்களும் சிறப்பாக இருந்தன. வயலின் மட்டும் வயலினாக இல்லை.

எண்கள் நன்றாயிருந்தும் செவிக்கு ஏன் கசக்கிறது? பேராசிரியர் போஸ் இக்கேள்வியோடு பல ஆண்டுகள் உழன்றார். 1964இல் தம் பெயரில் நிறுவனம் தொடங்கினார். 1966இல் வந்த முதல் ஒலிபெருக்கி, ஓர் உருண்டையின் எட்டில் ஒரு பங்கு வடிவில் அமைந்தது. அதன் மேல் 22 சிறு கூம்புகள். அதை அறை மூலையில் வைத்தால் இரு சுவர்களும் தரையும் கண்ணாடிபோல் பிரதிபலித்து முழு உருண்டையாக்கிவிடும். எழில்மிக்க கணிதம். வணிகத்தில் வெற்றி பெறவில்லை, போஸுக்கே மனநிறைவில்லை. பாஸ்டன் சிம்பொனி அரங்கத்தில் அளந்து பார்த்தபோது, நல்ல இருக்கையில் அமர்ந்திருப்பவரை அடையும் ஒலியாற்றலில் 11 விழுக்காடுதான் மேடையிலிருந்து நேரே வருகிறது, 89 விழுக்காடு சுவர்களையும் கூரையையும் தொட்டு வருகிறது என்று அவருக்குத் தெரிந்தது. சபைன் கட்டிய அரங்கம், அறுபது ஆண்டுக்குப் பின் இன்னொருவருக்குப் பாடம் சொன்னது.

1968இல் வெளிவந்த போஸ் 901 அந்த விகிதத்தையே பெட்டிக்குள் கொண்டுவந்தது. ஐந்து பக்கப் பெட்டி. நான்கங்குலக் கூம்புகள் ஒன்பது: ஒன்றே ஒன்று கேட்பவரை நோக்கும், மற்ற எட்டும் நந்நான்காக, சாய்ந்த இரு பின்பக்கங்களிலிருந்து சுவரை நோக்கும். ஒன்பதில் ஒன்று என்பது 11 விழுக்காடு. தாழ்சுரத்துக்குத் தனிக் கூம்பில்லை, மேல் சுரத்துக்கும் தனிக் கூம்பில்லை. சிறு கூம்புகளால் இயலாததை ஒரு மின்சமன்கருவி ஈடுசெய்தது. விமர்சகர்கள் பலர் கொண்டாடினர். கூடத்தில் ஓர் ஆர்கெஸ்ட்ரா விரிந்து நின்றது.

1970 மே மாதம் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் ஒலிபெருக்கிகளைப் பற்றி எழுதியது. 1936 முதல் வெளிவரும் அவ்விதழ் விளம்பரம் வாங்குவதில்லை. ஆகவே யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 901இல் தனி வாத்தியங்கள் பேருருக் கொள்கின்றன, அறையில் அலையவும் செய்கின்றன. வயலின் பத்தடி அகலமாகத் தோன்றியது, பியானோ சுவருக்குச் சுவர் நீண்டது. ஆர்கெஸ்ட்ராவுக்கு இது பொருட்டன்று, தனி வாசிப்புக்கு எரிச்சலாகலாம் என்றது கட்டுரை. மிகவும் வேறுபட்ட கருவி என்பதால் வாங்குபவர் தாமே கேட்டு முடிவுசெய்ய வேண்டும், புதுமையின் கவர்ச்சி தீர்ந்த பின்னும் பிடித்திருக்குமா என்று தெளியும்வரை பொறுக்கலாம் என்ற அறிவுரையும் அதில் இருந்தது. இன்று படிக்கும்போது நிதானமான மதிப்புரையாகவே எனக்குப் படுகிறது.

போஸ் நிறுவனம் மறுப்பு வெளியிடக் கேட்டது. இதழ் மறுத்தது. பொருளை இழிவுபடுத்தியதாக வழக்குத் தொடரப்பட்டது, பாஸ்டனிலேயே.

வழக்கு மன்றத்தில் எல்லாக் குற்றச்சாட்டுகளும் உதிர்ந்து கடைசியில் எஞ்சியது ஒரேயொரு சிறு தொடர்: அறையெங்கும் என்று பொருள்படும் மூன்று ஆங்கிலச் சொற்கள். கட்டுரைக்குக் காரணமான பொறியாளர் சாட்சிக் கூண்டில், தாம் கேட்டது இரு ஒலிபெருக்கிகளுக்கும் இடையே சுவரையொட்டி இங்குமங்குமான அசைவே என்றும், அதைத்தான் அச்சொற்களால் குறித்ததாகவும் சொன்னார். சுவரோரம் வேறு, அறையெங்கும் வேறு என்றது மன்றம். சுவரையொட்டிய சிறு அசைவு எந்த ஸ்டீரியோவிலும் இயல்பு. அறை முழுதும் அலைவதென்றால் அது கேட்பவரின் தலைக்குப் பின்னாலும் வரும், கோமாளித்தனம். இவ்வளவு அறிவுள்ள மனிதர் சாதாரணச் சொல்லுக்கு இப்படியொரு பொருள் இருப்பதாக உண்மையிலேயே நம்பியிருக்க முடியாது. ஆகவே பொய்யென்று தெரிந்தே எழுதினார் என்று 1981இல் நீதிபதி முடிவுசெய்தார்.

இடம் குறிக்கும் ஏழாம் வேற்றுமைக்குத் தொல்காப்பியர் கண், கால், புறம், அகம், உள், உழை என்று தொடங்கிப் பத்தொன்பது உருபுகளைத் தருகிறார், நன்னூலார் இருபத்தெட்டாக்குகிறார். இடத்தைச் சொல்வதில் அத்தனை நுணுக்கம் வேண்டியிருக்கிறது. ஆங்கிலப் பொறியாளர் ஒருவர் ஒரு முன்னிடைச்சொல்லில் இடறியதற்கு நீதிமன்றம் ஏறிய கதை அவர்கள் காலத்தில் நடந்திருந்தால் உரையாசிரியர்களுக்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்திருக்கும்.

ஆனால் இதை வெறும் இலக்கணப் பிழையாகக் கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த மனிதர் கேட்டது என்ன? சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன்னே நோக்கும் கூம்பு ஒன்று, பின்னே நோக்குபவை எட்டு. ஆற்றலில் எட்டு மடங்கு என்பது ஒன்பது டெசிபல். பெட்டி சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்றால், சுவர் தொட்டு வரும் ஒலி நேரொலியைவிட இரண்டு மில்லி விநாடியளவே பிந்தும். ஹாஸ் கண்ட எல்லை, 5 மில்லி விநாடிக்கு மேற்பட்ட தாமதத்துக்குப் பத்து டெசிபல். இங்கே தாமதம் அதைவிடக் குறைவு, ஓங்கலோ எல்லையை ஒட்டி நிற்கிறது. அதாவது முதலொலியின் பக்கம் திரும்பும் நம் செவியின் பழக்கம் தடுமாறும் விளிம்பிலேயே இந்த ஒலிபெருக்கி இயங்குகிறது. சுவரில் பல போலி மூலங்கள் தோன்றும்; சாய்ந்த பக்கமொன்றிலிருந்து புறப்பட்ட ஒலி பக்கச்சுவரையும் தொட்டு வரும். ஒலிமூலம் அகன்று தோன்றுவது இதனால்தான். பக்கவாட்டிலிருந்து வரும் முந்திய எதிரொலிகள் மூலத்தின் தோற்ற அகலத்தைக் கூட்டுகின்றன என்பது இசையரங்க ஆராய்ச்சியில் பின்னர் நன்கு நிலைபெற்ற உண்மை. ஒருபுறம் திரைச்சீலை, மறுபுறம் வெறுஞ்சுவர் என்றிருந்தால் ஒவ்வொரு சுரமும் சற்றே வேறிடத்தில் அமரும்; சுரம் மாற மாற வயலின் இடம் மாறியதுபோல் இருப்பதில் வியப்பில்லை. அறை மாறினால் அசைவும் மாறும். இத்தகைய ஒன்றை எந்தச் சொல்லால் எழுதுவது?

முறையீட்டு மன்றம் 1982இல் தீர்ப்பைப் புரட்டியது. உச்ச நீதிமன்றம் 1984இல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஸ்டீவன்ஸ். அந்த வாக்கியம் உண்மையா பொய்யா என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை. பொய்யென்றே வைத்துக்கொண்டாலும், தெரிந்தே பொய் சொன்னார் என்பதற்கு அது சான்றாகாது. பல பொருளுக்கு இடந்தரும், சொல்லில் பிடிக்கக் கடினமான ஓர் அனுபவத்தை எழுதும்போது ஒருவர் தேர்ந்த சொல் பிசகியிருக்கலாம், அந்தப் பிசகைத் தண்டித்தால் எழுதுவோருக்கு மூச்சுவிட இடமிராது என்பது வாதத்தின் சாரம். தவிரவும், இத்தகைய வழக்குகளில் கீழ்மன்றத்தின் முடிவை அப்படியே ஏற்காமல் மேல்மன்ற நீதிபதிகள் சான்றுகளைத் தாமே புதிதாக எடைபோட வேண்டும் என்றும் விதித்தார்கள். சட்ட மாணவர்கள் இவ்வழக்கைப் படிப்பது இந்த விதிக்காகவே.

மாறுபட்ட மூவரின் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. சாட்சியை நேரில் கண்டு, அவர் தடுமாறியதைக் கவனித்த நீதிபதியைவிடக் காகிதத்தில் படித்த நீதிபதிகள் அவர் மனத்தை எப்படி நன்கறிவார்கள் என்று ரென்குவிஸ்ட் கேட்டார். பேராசிரியர் போஸ் தரப்பின் ஆதங்கமும் புரிந்துகொள்ளக் கூடியதே. பல ஆண்டு ஆராய்ச்சியை ஒரு மதிப்புரை வாக்கியம் கேலிப்பொருளாக்கினால் எந்த அறிவியலாளருக்கும் வலிக்கும். ஆனால் வயலின் அகன்றது உண்மை. அவரே விரும்பி வரவழைத்த எதிரொலியின் விளைவு அது.

இங்கே ஒலியியலில் அவருடைய வாதத்தின் ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். இசைத்தட்டில் அரங்கத்தின் முழக்கம் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. வீட்டுச் சுவர் அதன்மேல் இன்னொரு பூச்சுப் பூசுகிறது. அரங்கத்தில் எதிரொலிகள் பல பத்து மில்லி விநாடிகள் கழித்து, எல்லாத் திசைகளிலிருந்தும் வரும். வீட்டில் சில மில்லி விநாடிகளுக்குள், பெரும்பாலும் எதிர்ச்சுவரிலிருந்து வரும். விகிதம் ஒன்றாக இருக்கலாம், பொருள் ஒன்றன்று. ஆனாலும் அறையை அவர் கணக்கில் எடுத்தார். எதிரொலியற்ற கூடத்தில் நேர்முன்னே வைத்த ஒலிவாங்கி தரும் ஒற்றை வளைகோட்டை மட்டும் பார்த்துப் பெருமைப்பட்ட பலரைவிட அவர் ஒரு படி முன்னே இருந்தார் என்றே சொல்வேன்.

வில்ச்சரின் நிறுவனத்திலும் அறை மெல்ல நுழைந்தது. அங்கு பணியாற்றிய ராய் ஆலிசன் உண்மையான வீட்டு அறைகளில் அளவெடுத்தார். 1974இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தரையும் அருகிலுள்ள சுவர்களும் தாழ்சுரக் கூம்பிலிருந்து ஒரே தொலைவில் இருந்தால் குறிப்பிட்ட சுரங்களில் ஒலி பள்ளம் விழுவதைக் காட்டியது. பெட்டி எவ்வளவு நேர்த்தியானதாயினும் இருக்கும் இடம் அதைக் கெடுக்கும். அவர் தனியே தொடங்கிய நிறுவனத்தில், கூம்பைத் தரைக்கும் சுவருக்கும் மிக நெருங்கவைத்து, அந்தப் பள்ளத்தை அது ஒலிக்க வேண்டிய எல்லைக்கு அப்பால் தள்ளினார். தாழ்சுரத்தில் அறைதான் எசமான். 5 மீட்டர் நீளமுள்ள கூடம் 34 ஹெர்ட்ஸில் தானே முழங்கும். அந்தச் சுரம் ஓர் இருக்கையில் இடிக்கும், நடுக்கூடத்தில் காணாமற்போகும். எந்த விலைப் பெட்டி வாங்கினாலும் இதில் மாற்றமில்லை. நாற்காலியை நகர்த்திப் பார்ப்பதே முதல் மருந்து.

மேல் சுரங்களில் நிலைமை வேறு. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்டு டூல் 1980களில் நடத்திய சோதனைகளில், கேட்பவரின் கண்ணிலிருந்து பெட்டிகளைத் திரையிட்டு மறைத்தார். பெட்டி தெரியாதபோது மக்கள் வியக்கத்தக்க அளவு ஒன்றுபட்டார்கள். நேர்முன்னே சீரான ஒலியும், பக்கவாட்டிலும் அதே சாயலும் உடைய பெட்டிகளையே பெரும்பாலோர் விரும்பினர். அறைக்கு அனுப்பும் ஒலி நேரே அனுப்பும் ஒலியின் உடன்பிறப்பாக இருந்தால் செவி அறையை மன்னித்துவிடுகிறது போலும். திரையை நீக்கினால் என்ன ஆகும் என்பதை அவரும் ஷான் ஆலிவும் 1994இல் காட்டினர்: பெட்டியின் அளவும் விலையும் பெயரும் தீர்ப்பை ஆட்டிப்படைத்தன.

கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பின்னாளில் செவியைவிட அளவீட்டை நம்பியது. பெட்டி எல்லாத் திசைகளிலும் உமிழும் மொத்த ஒலியாற்றலைக் கணக்கிட்டுத் துல்லிய மதிப்பெண் வழங்கியது. 2004இல் ஷான் ஆலிவ், அவ்விதழ் மதிப்பெண் இட்ட பதின்மூன்று ஒலிபெருக்கிகளை மறைவில் வைத்துக் கேட்பவர்களிடம் சோதித்தார். கேட்டோரின் விருப்பத்துக்கும் இதழின் மதிப்பெண்ணுக்கும் தொடர்பில்லை. (ஆலிவ் அப்போது ஹார்மன் என்ற ஒலிபெருக்கி நிறுவனத்தின் ஊழியர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.) வயலின் அலைகிறது என்று 1970இல் எழுதிய அந்தப் பொறியாளரின் இரண்டு செவிகள், மொழியில் இடறினாலும், நிகழ்ந்ததைச் சரியாகவே பிடித்திருந்தன, மொத்த ஆற்றலைக் கூட்டிய கணக்கோ எங்கும் இடறாமல் தவறிப்போனது.

வில்ச்சர் 1967இல் தம் நிறுவனத்தை விற்றுவிட்டு, செவித்திறன் குறைந்தோருக்கான கருவிகளை ஆராய்வதில் இறங்கினார். அதில் கண்டறிந்ததற்கு உரிமம் எதுவும் கோராமல் வெளியிட்டார். 2011இல் காலமானார். அதே ஆண்டு அமர் போஸ் தம் நிறுவனப் பங்குகளில் பெரும்பகுதியை எம்.ஐ.டி.க்குக் கொடையளித்தார், 2013இல் மறைந்தார். 901, வழக்கையும் வழக்குத் தொடுத்தவரையும் கடந்து, சிறு மாற்றங்களுடன் 2016 வரை விற்பனையில் இருந்தது. பழைய பெட்டிகளை வாங்கிப் பழுதுபார்த்து வைத்திருப்போர் இன்றும் உண்டு. அவற்றைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி வைப்பது என்பதில் அவர்களுக்குள் ஒருமித்த கருத்து ஏற்பட்டதாகத் தெரியவில்லை.